ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லண்டனுக்கு: 655 கிலோமீட்டரும் அதற்கு ஆகும் நேரமும்

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் வருடமே லண்டனுக்கு ஒரு நடை போய்வர ஆசைப்படுவார்கள். அங்கே சித்தி இருப்பார், கூடப் படித்தவன் இருப்பான். தேடிப் பார்த்தால் ‘ஒன்றே முக்கால் மணி நேரம்’ என்று காட்டும். சென்னையில் தாம்பரத்திலிருந்து எண்ணூர் போகவே அவ்வளவு ஆகுமே என்று உடனே டிக்கெட் போட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பாதையில் விசா, கடிகாரம், விமான நிலையத்தின் பெயர் மூன்றும் ஆளைக் கவிழ்க்கும். நான் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அலைய வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. தூரமும் பறக்கும் நேரமும்

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 655 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால், அதன் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் இது. சில தளங்கள் 407 மைல் என்று காட்டும், சில 354 கடல் மைல் என்று காட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆகவே எல்லாம் ஒரே தூரம்தான். விமானம் வான்வழித் தடங்களை ஒட்டிப் போவதால் உண்மையில் பறப்பது இதைவிடச் சற்று அதிகம்.

டிக்கெட்டில் வரும் 1 மணி 40 நிமிடம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் எதிர்ப்பக்கக் கேட்டில் நிற்பது வரை எல்லாம் சேர்த்த கணக்கு அது. வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் இறங்கியபின் கேட்டைத் தேடிப் போவதிலும் கழியும்.

ஐரோப்பாவுக்குள் எந்த இரண்டு நிலையங்களுக்கும் தோராயமாகக் கணக்குப் போட ஒரு வழி உண்டு. நேர்த்தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, அதோடு 45 நிமிடம் கூட்டுங்கள். 655 கிலோமீட்டருக்கு 49 நிமிடம், கூட 45, ஆக 1 மணி 34. பாரிஸ் சார்ல் து கோலிலிருந்து ஹீத்ரோ சுமார் 350 கிலோமீட்டர். கணக்குப்படி 1 மணி 11. சூரிக்கிலிருந்து 790, 1 மணி 44. மியூனிக்கிலிருந்து 940, 1 மணி 55. டிக்கெட்டில் இதைவிட ஐந்து, பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஹீத்ரோவில் நெரிசல் நேரங்களில் இறங்க இடம் கிடைக்காமல் விமானங்கள் நான்கு குறிப்பிட்ட இடங்களில் வட்டமடித்துக் காத்திருப்பது வழக்கம். அதையும் எண்ணித்தான் நிறுவனங்கள் நேரம் வைக்கின்றன. அது போக, மேற்கிலிருந்து வீசும் காற்று லண்டன் போகும்போது எதிரே நிற்கும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும்.

2. டிக்கெட்டில் உள்ள கடிகாரம்

இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். பிரிட்டன் எப்போதும் ஜெர்மனிக்கு ஒரு மணி நேரம் பின்னால். கோடை நேர மாற்றம் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இரண்டு நாட்டிலும் ஒரே கணத்தில் நடப்பதால் அந்த வித்தியாசம் மாறாது.

ஆகவே காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனில் 10.40க்கு வந்து சேரும். நாற்பது நிமிடப் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. திரும்பும்போது மாலை 6 மணிக்குக் கிளம்பினால் ஃபிராங்க்ஃபர்ட்டில் 8.40 ஆகியிருக்கும். ஞாயிறு மாலை திரும்பி, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து ஊர் போகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டுக் கடைசி ரயிலைக் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கிறது.

3. எந்த லண்டன், எந்த ஃபிராங்க்ஃபர்ட்?

மலிவு டிக்கெட்டில் பெரிய பொறி இதுதான். லண்டன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஆறு நிலையங்கள் இருக்கின்றன: ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்தெண்ட். ஹீத்ரோ நகர மையத்திலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். ஸ்டான்ஸ்டெட்டும் லூட்டனும் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டியும் தாண்டியும் இருக்கும். ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து விரைவு ரயிலே நகருக்குள் வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அந்த ரயில் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தால் பல நேரம் ஹீத்ரோ டிக்கெட்டே லாபம்.

இந்தப் பக்கமும் அதே கதை. ‘ஃபிராங்க்ஃபர்ட் ஹான்’ என்ற நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, வேறு மாநிலத்தில் இருக்கிறது. பேருந்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அதாவது விமானம் லண்டன் போய்ச் சேரும் நேரம். பெயரை நம்பாதீர்கள். டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: எஃப்.ஆர்.ஏ. என்றால் பெரிய ஃபிராங்க்ஃபர்ட் நிலையம், எச்.எச்.என். என்றால் ஹான்.

போகிற வீடு எங்கே என்று பார்த்துவிட்டு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். உறவினர் ஹாரோ, வெம்ப்ளி பக்கம் என்றால் ஹீத்ரோ வசதி. ஈஸ்ட் ஹாம் பக்கம் என்றால் சிட்டி விமான நிலையம் ஏறக்குறைய வாசலிலேயே இருக்கிறது. சின்ன நிலையம், இறங்கியபின் நடையும் குறைவு. டிக்கெட் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதை முடியுங்கள். ஜெர்மன் ரெசிடன்ஸ் பெர்மிட் கார்டை வைத்து பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் போய்வரலாம். லண்டனுக்கு அது செல்லாது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டமான ஷெங்கனில் பிரிட்டன் ஒருபோதும் இருந்ததில்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஜெர்மனியில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் பிரிட்டனின் பார்வையாளர் விசா எடுத்தே ஆக வேண்டும்.

அதற்கு ஜெர்மனியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஊருக்குப் போக வேண்டியதில்லை. பிரிட்டன் அரசின் தளத்தில் படிவம் நிரப்பி, பணம் கட்டி, விசா மையத்தில் நாள் வாங்கி, விரல்ரேகையும் படமும் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு 3 மாதம் முன்புவரைதான் விண்ணப்பிக்க முடியும். விரல்ரேகை கொடுத்தபின் முடிவு வரப் பொதுவாக 3 வாரம். 6 மாத விசாவுக்கே கட்டணம் 100 பவுண்டைத் தாண்டும். அது அடிக்கடி ஏறுவதால் படிவம் நிரப்பும் அன்று காட்டும் தொகையை மட்டும் நம்புங்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அது விசாக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அவசரத்துக்கு அதைக் கட்டுவதைவிடப் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுவதே மேல் என்பேன்.

சமர்ப்பிக்க வேண்டியவை: பாஸ்போர்ட், ரெசிடன்ஸ் பெர்மிட், கடைசி சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, வேலை கொடுப்பவரின் கடிதம் அல்லது பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, தங்கும் இடத்தின் விவரம். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் எழுதிய அழைப்புக் கடிதமும் அவருடைய முகவரிச் சான்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் ஜெர்மனில் இருக்கும். ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்தக் காகிதத்துக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்குவார்கள் என்பதால் நீளமான ஒப்பந்தங்களை விட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு ஆங்கிலத்திலேயே கடிதம் தரும், கேட்டு வாங்குங்கள். வங்கித் தளத்தில் மொழியை மாற்றினால் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறதா என்றும் பாருங்கள்.

வங்கியில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். நண்பரிடம் கடன் வாங்கிக் கணக்கை நிரப்பிக் காட்டும் பழைய வித்தை இங்கே உதவாது. முடிவு வரும்வரை பாஸ்போர்ட்டை மையத்தில் கொடுத்து வைக்க நேரலாம் என்பதால், அந்த வாரங்களில் வேறு பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மன், பிரெஞ்சு, சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் அவர்களும் ஈ.டி.ஏ. என்ற மின்னணு முன் அனுமதி எடுக்க வேண்டும். 2 வருடம் செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவும் சேர்ந்து போய்விடும். பெரும்பாலும் உடனே வந்துவிடும் என்றாலும் 3 வேலை நாள் ஒதுக்குங்கள். முதலில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரல் 9 முதல் 16 ஆனது, அப்புறமும் ஏறலாம். தேடுபொறியில் முதலில் வரும் இணைப்புகளில் பல இடைத்தரகர்களுடையவை. இரண்டு மூன்று மடங்கு பணம் பிடுங்குவார்கள். பிரிட்டன் அரசின் தளமோ செயலியோ மட்டும் போதும். குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். ஜெர்மன் அடையாள அட்டையை மட்டும் காட்டிப் போகும் வழக்கம் 2021 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் கட்டாயம்.

ஒரே குடும்பத்தில் கணவருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட், மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று இருப்பது இப்போது சாதாரணம். அவருக்கு ஈ.டி.ஏ., இவருக்கு விசா. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

5. திரும்பி வர முடியுமா?

போவதற்கான காகிதத்தில் காட்டும் அக்கறையைத் திரும்புவதற்கு யாரும் காட்டுவதில்லை. லண்டனிலிருந்து திரும்பும்போது நீங்கள் மறுபடியும் ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். ரெசிடன்ஸ் பெர்மிட் கார்டு கையில் இருக்க வேண்டும். அதன் படம் கைப்பேசியில் இருந்தால் போதாது.

கார்டு புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ‘பிக்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற தற்காலிகச் சான்றுக் காகிதம் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதில் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுக்கு எதிரே குறி போட்டிருந்தால் அதை வைத்து ஜெர்மனிக்குத் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் வெளியே போகாமல் இருப்பதே நல்லது. சந்தேகம் இருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், தெரியும். அதனால்தான் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப் போவதாக இருந்தால், அவர்களுடைய ஷெங்கன் விசாவில் எத்தனை நுழைவு என்று பாருங்கள். 01 என்று போட்டிருந்தால் லண்டன் போன அந்த நிமிடமே அந்த விசா முடிந்தது. இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருந்தாலும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குள் வர முடியாது. ஊர் திரும்பும் டிக்கெட் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து இருக்கும், ஆள் லண்டனில் மாட்டிக்கொள்வார். அழைக்கும்போதே பலமுறை நுழைவு கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிரிட்டன் விசாவும் அவர்களுக்குத் தனியாக வேண்டும். வயதானவர்களை இங்கே வந்தபின் மையத்துக்கு அலையவிடாமல் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வரச் சொல்வது எளிது.

6. டிக்கெட்

விசா கைக்கு வந்தபின் வாங்குங்கள். விலை ஏறிவிடுமே என்று பதறி முன்பே போட்டால், பணம் திரும்பாத டிக்கெட்டாகத்தான் இருக்கும்.

மலிவாகக் காட்டும் விலையில் பெட்டி சேராது. சில நிறுவனங்களில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும். பெட்டி, இருக்கை, ரயில் எல்லாம் கூட்டிய மொத்தத்தை ஒப்பிடுங்கள். லண்டனில் விமானம் ஏறுகிறவர்களுக்கு பிரிட்டன் ஒரு பயணி வரி போடுகிறது. எகானமி வகுப்பில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது கிடையாது.

திரும்பும் நாளில் கடைசி விமானம் வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 வரை விமானங்களுக்குத் தடை உண்டு. ஹீத்ரோவில் தாமதம் நீண்டுகொண்டே போனால் கடைசி விமானம் ரத்தாகி, ராத்திரி அங்கேயே கழியும். மறுநாள் காலை வேலை இருப்பவர்கள் அதற்கு முந்தைய விமானத்தைப் பிடியுங்கள்.

7. பெட்டிக்குள் என்ன போகலாம்

சித்திக்கு நெய், பனீர், ஆட்டுக்கறித் தொக்கு என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். கால்நடைகளின் கோமாரி நோய் பரவியதால் 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை போட்டார்கள். கடையில் வாங்கி மூடியே இருந்தாலும் பறிமுதல்தான். கிளம்புவதற்கு முன் விதி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது லண்டன் கடைகளிலிருந்து இறைச்சி, பால் பொருள் ஜெர்மனிக்குள் கொண்டுவரவும் கூடாது. மசாலாப் பொடி, முறுக்கு, மிட்டாய் பிரச்சினை இல்லை. பால்கோவா பிரச்சினை.

பிளக் வேறு மாதிரி, மூன்று தட்டைக் கால். மாற்றி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் சிம் கார்டில் பிரிட்டன் ரோமிங் இலவசமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

8. அன்றைய மணிக்கணக்கு

ஃபிராங்க்ஃபர்ட் மத்திய ரயில் நிலையத்திலிருந்து எஸ்8, எஸ்9 ரயில்கள் கால் மணி நேரத்துக்குள் விமான நிலையம் கொண்டுபோய்விடும். ஒரு ரயில் ரத்தானாலும் தாங்குகிற மாதிரி கிளம்புங்கள், ரத்தாகும். எந்த டெர்மினல் என்று அன்று காலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் கிளம்ப 2 மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறுவதால் பாதுகாப்புச் சோதனையோடு பாஸ்போர்ட் வரிசையும் உண்டு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும் சில நிறுவனங்கள் கவுண்டரில் விசாவைப் பார்த்த பிறகுதான் ஏற்றும். பெட்டி இல்லை என்று நேராகக் கேட்டுக்குப் போய்விட்டு மறுபடி ஓடிவருகிறவர்களைப் பார்க்கலாம். கேட் 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும், அதற்கு நடந்து போகவே அந்த நிலையத்தில் வெகுநேரம் ஆகும்.

ஹீத்ரோவில் மின்னணு வாயில்கள் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா போன்ற சில நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு மட்டுமே. நமக்கு அதிகாரி இருக்கும் வரிசை. கூட்டத்தைப் பொறுத்து இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் கையோடு இருக்கட்டும்.

அங்கிருந்து நகருக்குள் பிக்காடிலி பாதாள ரயில் மலிவு, சுமார் ஒரு மணி நேரம். எலிசபெத் ரயிலில் பேடிங்டனுக்கு அரை மணி நேரம், கட்டணம் அதைவிடக் கூடுதல். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடம். விலையைப் பார்த்தால் அந்த அவசரம் தேவையா என்று தோன்றும். டிக்கெட் எடுக்க வேண்டாம், விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஜெர்மனியின் ஜிரோகார்டு மட்டும் இருந்தால் வாயில் திறக்காது. ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும்; ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது.

இப்போது கூட்டிப் பாருங்கள்: வீட்டிலிருந்து நிலையம் முக்கால் மணி, அங்கே 2 மணி, விமானம் 1.40, வரிசையும் நடையும் ஒரு மணி, ரயில் ஒரு மணி. ஆறரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடுகிறது. பிரஸ்ஸல்ஸ் வழியாக ரயிலில் போனாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதில் பெட்டிக்குத் தனிக் காசும் இல்லை. விலை ஒத்துவந்தால் நான் ரயிலையே சொல்வேன். விசா விதி மட்டும் அதற்கும் அதேதான்.

9. விமானம் தாமதமானால்

இங்கேதான் அந்த 655 மறுபடி உதவுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் விதிப்படி, நிறுவனத்தின் காரணத்தால் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. எவ்வளவு என்பது நேர்த்தூரத்தைப் பொறுத்தது. 1500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3500 வரை 400, அதற்கு மேல் 600. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லண்டன் முதல் வகையில் வரும். லண்டனிலிருந்து கிளம்பும்போது பிரிட்டனின் விதி. அதே தூரத்துக்கு 220 பவுண்ட். நீங்கள் கொடுத்த டிக்கெட் விலை எவ்வளவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடும் புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்குப் பணம் கிடையாது. ஆனால் 2 மணி நேரம் தாண்டினால் காரணம் எதுவானாலும் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும், இரவு தங்க நேர்ந்தால் அறையும்.

லண்டனில் விமானம் மாறி வேறு ஊர் போகும் ஒரே டிக்கெட் என்றால், தூரம் முதல் ஊரிலிருந்து கடைசி ஊர்வரை கணக்கிடப்படும். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பில்லை.

போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். விமானத்தின் கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதம் அந்த நேரத்தை வைத்துத்தான் கணக்கு. கவுண்டரில் வவுச்சர் நீட்டினால், அது இழப்பீட்டுக்குப் பதிலா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகக் கேளுங்கள், இடைத்தரக நிறுவனங்கள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் கேட்பதாக இருந்தால், பயணம் நடந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3 வருடம்வரை அவகாசம் இருக்கிறது.